கிழக்கேவிளை உத்தரம்

செருப்பை இங்கேயே விடுங்கள், சார். பூட்டிக் கிடக்கிற சர்ச்தானே என்று யோசிக்காதீர்கள். பூட்டினாலும் பள்ளி பள்ளிதான். உள்ளே போக முடியாது, வாசல்வரைக்கும் போகலாம். சாவி என்னிடம்தான் இருக்கிறது. அச்சன், இங்கத்தைப் பாதிரியார், இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. பதினோரு வருஷம் நான் இந்தப் பள்ளிக்குக் கைக்காரனாக இருந்தவன். கைக்காரன் என்றால் உங்கள் ஊரில் தர்மகர்த்தா என்பார்களே, அது. பெயர் கோசி. கிழக்கேவிளை கோசி என்று எழுதுங்கள். வீட்டுப்பெயர் இல்லாமல் கோசி என்று மட்டும் எழுதினால் இந்தப் பக்கத்தில் நாற்பது கோசி வருவான்.

பழைய மரப்பள்ளிகளைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று அச்சன் சொன்னார். அவர் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மரம் உளுத்துப் போனது, மழையில் விழுந்தது, ஆண்டவர் ரோட்டோரம் ஒரு புதுப் பள்ளி தந்தார். அவ்வளவுதானே? அவர் இங்கே வந்து ஏழு வருஷம். நாங்கள் வந்து நூற்றைம்பது வருஷம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சாறாம்மா போன மாசி மாதம் இறந்துபோனாள். அவள் பெட்டியைக் கிழக்கேவிளை உத்தரத்துக்குக் கீழே வைக்கவில்லை. எங்கள் வீட்டில் செத்தவர்கள் எல்லாரையும் அங்கேதான் வைத்தோம். என் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, எட்டு வயசில் போன என் தம்பி, எல்லாரையும். அவள் ஒருத்தியை மட்டும் ரோட்டோரத்து கான்கிரீட் ஹாலில், ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தார்கள். அந்த லைட்டும் விட்டுவிட்டு எரிந்தது. பரளிக்கோணம் ஆர்த்தடாக்ஸ் பள்ளியின் சரித்திரத்தை நீங்கள் எழுதுவதானால் அதில் இது வரவேண்டும். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை.

முன்னுரையையும் சொல்கிறேன். உட்காருங்கள். அந்தப் படி வேண்டாம், ஆடும். இதில் உட்காருங்கள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து எழுபத்து நாலு, இங்கிலீஷ் கணக்குக்கு ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது. அன்றைக்கு இங்கே பதினோரு வீடு. எல்லாரும் மலையடிவாரத்தில் காட்டை வெட்டி மிளகும் மரச்சீனிக் கிழங்கும் போட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை குர்பானாவுக்கு, பூசைக்கு, ஒன்பது மைல் நடக்கவேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அதுவும் இல்லை. பிஷப் திருமேனி ஒருவர் மாட்டுவண்டியில் இந்த வழியாக வந்தபோது பதினோரு வீட்டுக்காரர்களும் வண்டியை மறித்து, பள்ளி வேண்டும் என்று நின்றார்கள். திருமேனி சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "கல்லுக்கு எங்க போவீங்க? மரம் இருக்கு. மரத்துல கட்டுங்க."

வீட்டுக்கு ஒரு மரம். அயனி. அதுதான் பேச்சு. ஒவ்வொரு மரத்திலிருந்தும் ஒரு உத்தரம். சுவருக்குச் சுவர் குறுக்கே போகிற பெரிய விட்டம் இருக்கிறதே, அது. இந்த வாசல் கதவின் கம்பி வழியாகவே எட்டிப் பார்த்தால் தெரியும். ஒரு ஆணி கிடையாது, சார், எல்லாம் மரமுளைதான். சரி, எந்த வீட்டு உத்தரம் எங்கே போவது என்று சண்டை வந்தது. வராதா? எல்லாருக்கும் கிழக்கே, பலிபீடத்தை ஒட்டி வேண்டும். கடைசியில் ஒரு சட்டம் போட்டார்கள். எந்த வீட்டு மரம் முதலில் வந்து சேருகிறதோ அதற்குத்தான் முதல் இடம். இரண்டாவது வந்ததற்கு இரண்டாவது. அப்படியே மேற்கு வாசல்வரைக்கும். இந்தச் சட்டம் இன்றைக்கும் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. நானே படித்திருக்கிறேன்.

முதலில் வந்தது யார் மரம்? எங்கள் மரம்.

என் தாத்தாவின் அப்பா குஞ்ஞாண்டி. சட்டம் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் அவர் மரத்தில் கோடாலி வைத்துவிட்டார். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் ஆசாரியைக் கூப்பிட்டு மரத்தைக் காட்டி, நாள் கேட்டு, தேய்பிறை வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஆசாரி எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறான். "இது வளர்பிறையாக்கும். மரத்துல நீரு ஏறிக்கிட்டு நிக்கிய சமயம். இப்ப வெட்டினா பூச்சி விடாது. பத்து நாள் பொறுங்க" என்றானாம். குஞ்ஞாண்டி கேட்டார் பாருங்கள்: "கர்த்தருக்கு ஏதுவே வளர்பிறையும் தேய்பிறையும்?" எப்படிப்பட்ட விசுவாசம்! இதை எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்ப்போம். அந்த வாரமே அறுத்து, பச்சை மரமாகவே நாலு ஜோடி மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்து பள்ளி மனையில் போட்டார். சாறு வடிந்துகொண்டிருந்ததாம். இரண்டாவது மரம் வந்தது அதற்கு ஒன்றரை மாதம் கழித்து. ஒன்றரை மாதம்! கிட்டே வரமுடியவில்லை ஒருத்தனாலும்.

ஆசாரி கணக்குப் போட்டபோது பதினோரு உத்தரம் பத்தாது, பன்னிரண்டு வேண்டும் என்று வந்தது. அப்போஸ்தலரும் பன்னிரண்டுதானே என்று எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த ஒன்றை யார் தருவது? இரண்டாவது மரம் தருவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. விடுவதற்கு ஆள் இல்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் இரண்டு உத்தரம் ஆகிவிடுமே! ஆறு மாதம் கூரை ஏறாமல் நின்றது. பன்னிரண்டாவது வீடு என்று ஒன்று இல்லையே தவிர, மரம் அறுக்கிற மோசேயின் குடிசை ஒன்று ஆற்றங்கரையில் இருந்தது. பதினோரு மரத்தையும் அறுத்தவன் அவன்தான். மேலே ஒருத்தன் நிற்பான், மோசே குழிக்குள் நின்று வாளை இழுப்பான். ஞானஸ்நானம் வாங்கினவன்தான். ஆனால் நிலம் கிடையாது, மரம் கிடையாது. என்றைக்கோ வெள்ளத்தில் அடித்துவந்து ஆற்றுச் சேற்றில் பாதி புதைந்து கிடந்த ஒரு அயனித்தடி உண்டு. யாருக்கும் வேண்டாத தடி. மாடு கழுவுகிறவர்கள் அதில் துணி காயப்போடுவார்கள். அவனும் அவன் ஆட்களும் தோண்டி எடுத்து அதைச் சுமந்துகொண்டு வந்தார்கள். மாடு இல்லை, தோளில்தான்.

ஆசாரி அதைத் தட்டிப் பார்த்து, "தண்ணி குடிச்சுத் தீந்த மரம். பூச்சிக்கு இதுல தீனி கெடயாது" என்று சொன்னதாக அவர்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அவன் கள்ளு குடிக்கிறவன். கள்ளு குடிக்கிற ஆசாரி சொன்னதையெல்லாம் நீங்கள் எழுதவேண்டாம்.

கடைசியில் வந்தது, கடைசியில் வைத்தார்கள். மேற்கு வாசலுக்கு மேலே. இதோ, நம் தலைக்கு நேரே தெரிகிறதே, கறுப்பாக, அதுதான். சட்டப்படிதான் வைத்தார்கள். யாரும் அவர்களை ஒதுக்கவில்லை. அச்சன் அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு பழக்கம் தானாக வந்தது. எந்த உத்தரம் எந்த வீடோ அந்த வீட்டுக்காரர்கள் அதற்குக் கீழே நிற்பார்கள். ஆண்கள் வடக்கே, பெண்கள் தெற்கே, உத்தரம் ஒன்று. கல்யாணமாகி வருகிற பெண் குர்பானா முடிந்ததும் பிறந்த வீட்டு உத்தரத்துக்குக் கீழேயிருந்து நடந்து மாப்பிள்ளை வீட்டு உத்தரத்துக்குக் கீழே வந்து நிற்பாள். சாறாம்மா ஏழாவது உத்தரத்திலிருந்து முதலாவதுக்கு வந்தவள். ஏழிலிருந்து ஒன்றுக்கு! அவளுடைய அப்பாவுக்கு அன்றைக்கு இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சாவு என்றால் பெட்டியை அந்தந்த வீட்டு உத்தரத்துக்குக் கீழே இறக்கிவைத்து ஜெபம். அங்கேயிருந்துதான் கல்லறைக்கு. இது வேறு எந்தப் பள்ளியிலும் கிடையாது. இதை எழுதுங்கள்.

முதல் உத்தரத்தைப் பேதுரு உத்தரம் என்போம். இரண்டாவது அந்திரேயா. அப்படியே போனால் பன்னிரண்டாவது என்ன? யூதாஸ். சும்மா தமாஷுக்குத்தான், சார். "யூதாஸ் உத்தரத்துக்குக் கீழ நிக்கியவனக் கூப்பிடு, மேளம் தூக்கட்டும்" என்று பெருநாளன்று சொல்வோம். மோசேயின் மகனும் சிரிப்பான். "செரி மொதலாளி" என்று தூக்குவான். மோசேயின் பேரன் சத்தியநேசன்தான் சிரிக்கமாட்டான். மின்சார வாரியத்தில் லைன்மேன் வேலை கிடைத்தது, அவ்வளவுதான், அப்பன் "மொதலாளி" என்ற இடத்தில் இவன் "அச்சாயா" என்றான், சரிசமமாக, அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. ஒரு பெருநாளில் நான் யூதாஸ் என்று சொன்னபோது எல்லார் முன்னாலும் கேட்டான்: "பேதுரு மட்டும் என்ன அச்சாயா? கோழி கூவுததுக்குள்ள மூணு தரம் இல்லன்னு சொன்ன ஆளுதானே?" ஆட்கள் சிரித்தார்கள். என் சொந்த மகன் ரெஜியும் சிரித்தான். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

இனி மரம் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கைக்காரனாகி எட்டாவது வருஷம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குர்பானா முடிந்து வெளியே வந்தால் சாறாம்மா என் தோளைத் தட்டுகிறாள். சட்டையில் மாவு. அரிசிமாவு போல, மஞ்சளாக. "என்னது இது?" என்றேன். "உத்தரத்துல இருந்து விழுது. உளுத்துப் போச்சு போல இருக்கு" என்றாள். "சத்தமாச் சொல்லாத" என்றேன். அடுத்த ஞாயிறும் விழுந்தது. அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு வாரமும் அவள் முந்தானையால் தட்டுவாள், ஒன்றும் சொல்லமாட்டாள். நான் வெள்ளைச் சட்டையை விட்டுவிட்டு மஞ்சள்சாயல் சட்டை தைத்துக்கொண்டேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். ஒரு பகலில் தனியாக ஏணி போட்டு ஏறி, ஓட்டையெல்லாம் மெழுகு காய்ச்சி ஊற்றி அடைத்து, மேலே இரண்டு தடவை வார்னிஷ் அடித்தேன். அறுபத்தேழு வயசில்! முட்டு இன்றைக்கும் வலிக்கிறது. ஒருத்தருக்கும் தெரியாமல் செய்தேன், பள்ளிக்காக. ஒரு வருஷம் மாவு விழவில்லை. பிறகு மறுபடி விழுந்தது.

அப்போதுதான் இந்த ஸ்கறியா அச்சன் வருகிறார். முப்பத்திரண்டு வயசு. வந்த மூன்றாவது மாதம் ஒரு ஆசாரியைக் கூட்டிவந்து, சபையெல்லாம் நிற்கும்போது, பன்னிரண்டு உத்தரத்தையும் தட்டச் சொன்னார். தனியாகச் செய்திருக்கலாம் இல்லையா? எல்லார் முன்னாலும்! ஆசாரி மேற்கேயிருந்து ஆரம்பித்தான். பன்னிரண்டாவதில் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினான். கணீர் என்றது. "மணி மாதிரிலா இருக்கு" என்று கிழவிகள் சொல்கிறார்கள். அப்படியே பதினொன்று, பத்து என்று வந்தான். சிலது சுமார், சிலது நல்லது. கடைசியில் எங்களுடையது. தட்டினான். சத்தமே வரவில்லை. மெத்தையில் தட்டினாற்போல. உளியை எடுத்து லேசாக வைத்து அழுத்தினான். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது.

ஆசாரி உளியை உருவினான், பின்னாலேயே மாவு கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.

"இதுக்கு மேல யாரோ மெழுகு போட்டிருக்காங்க" என்றான்.

நான் மேலே ஓட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாறாம்மா என்னைப் பார்த்தாள்.

அந்த மாதம் பள்ளிப் பொதுயோகம், சபைக் கூட்டம். அச்சன் சொன்ன திட்டம் இதுதான்: மேற்கே ஒரு கட்டு குறைத்துக்கொள்ளலாம், ஆள் கொஞ்சம்தானே இருக்கிறோம். பன்னிரண்டாவது உத்தரத்தைக் கழற்றி முதல் இடத்தில் ஏற்றலாம். அதுதான் இருப்பதிலேயே கெட்டியான மரம், பலிபீடத்துப் பக்கத்துப் பாரம் முழுவதும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது. சத்தியநேசன் எழுந்தான். "எடுத்துக்கிடுங்க அச்சோ. எங்க உத்தரத்தத் தாறோம். எங்களுக்கு ஒண்ணுமில்ல, எங்க வேணும்னாலும் நிப்போம்" என்றான்.

தாறானாம்! யாருக்கு? கிழக்கேவிளைக்கு! ஆற்றுச்சேற்றில் கிடந்த தடியை எடுத்துக் குஞ்ஞாண்டியின் இடத்தில் வைக்கத் தாறானாம். அதோடு கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொல்கிறான் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கர்வமாகச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

நான் எழுந்து, "சட்டம் என்ன சொல்லுது? கடைசியில வந்த மரம் கடைசியில. புஸ்தகத்த எடுங்க" என்றேன். எடுத்தார்கள். சட்டம் அப்படித்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ரெஜி வேறு வழி சொன்னான். "நம்ம மேல்விளையில ரெண்டு அயனி நிக்குல்லா? ஒண்ண வெட்டிக் குடுப்போம், அப்பா. கிழக்கேவிளை உத்தரமாவே போட்டுக்கிடட்டும்." கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், சார். சட்டம் என்ன? வந்து சேருகிற வரிசை. இன்றைக்கு வெட்டிக் கொண்டுபோகிற மரம் எத்தனையாவதாக வந்த மரம்? பதின்மூன்றாவது! புது மரம் கொடுத்தால் நாங்கள் யூதாஸுக்கும் பின்னால் போய் நிற்கவேண்டும். ரெஜி இஞ்சினியர் படித்தவன், இது அவனுக்குத் தோன்றவில்லை. சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டான். சாறாம்மா மட்டும் சொன்னாள்: "எங்க நின்னா என்ன? கூரை நின்னாப் போதாதா?" பெண்களுக்கு இதெல்லாம் புரியாது.

நான் முன்சீப் கோர்ட்டுக்குப் போனேன். உள்ளது உள்ளபடி இருக்கவேண்டும், யாரும் எந்த உத்தரத்தையும் தொடக்கூடாது என்று தடை வாங்கினேன். வக்கீல் கெட்டிக்காரர். புத்தகத்தின் நகலைக் காட்டினார், கொல்லம் ஆயிரத்து எழுபத்து நாலு என்ற தேதியைக் காட்டினார். அச்சன் பக்கத்தில் ஒரு போட்டோதான் இருந்தது, உளி உள்ளே போன போட்டோ.

மூன்று வருஷ மழைக்கும் தடை நின்றது. அதுவும் இடவப்பாதி ஒன்று, துலாமழை ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு மழை இங்கே. முதல் உத்தரம் கொஞ்சம் தொய்ந்தது. அதோடு ஓடு நகர்ந்து கிழக்கே ஒழுக ஆரம்பித்தது. ஒவ்வொரு வீடாக மேற்கே நகர்ந்தார்கள். பரம்பரையாக நின்ற இடத்தை இரண்டு சொட்டுத் தண்ணீருக்கு விட்டுவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்ல? நான் நகரவில்லை. குடை பிடித்துக்கொண்டு என் இடத்தில் நின்றேன். அச்சன் அப்பமும் முந்திரிரசமும் உயர்த்தும்போது நான் குடையோடு நின்றேன். சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

சாறாம்மாவுக்கு ஏற்கனவே இளைப்பு உண்டு. ஈரம் ஆகாது. முதல் மழைக்கே அவள் பின்னால் போய்விட்டாள். எதுவரைக்கும் என்று நினைக்கிறீர்கள்? பன்னிரண்டாவதுவரைக்கும். சத்தியநேசன் மனைவி றோசம்மா ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறாள். இவள் அதில் உட்கார்ந்து குர்பானா கேட்கிறாள். திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள். வீட்டுக்கு வந்து கேட்டேன். "கிழக்கேவிளைக்காரிக்கு அங்க என்னடி வேல?" "அங்க ஒழுகல" என்றாள். அவ்வளவுதான் பதில். அடுத்த ஞாயிறும் அங்கேயே போனாள். நாற்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவள் என் சொல்லைக் கேட்காதது அந்த ஒரு விஷயத்தில்தான். யார் கெடுத்தது? அந்த முக்காலிதான்.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், உத்தரம் விழுந்தது. உள்ளே ஆள் இல்லை. ஆண்டவர் காத்தார். மூன்று துண்டாக விழுந்தது, கூடவே கிழக்குக் கூரை முழுவதும், பலிபீடத்து விளக்கு, எல்லாம். நான் ஓடிவந்து பார்க்கும்போது மழை நேராகப் பலிபீடத்தின் மேல் பெய்துகொண்டிருந்தது. அச்சன் அதற்குள் நின்றுகொண்டிருந்தார், தலை நனைய. என்னைப் பார்த்து, "திருப்தியா அச்சாயா?" என்றார். ஒரு பட்டக்காரர் பேசுகிற பேச்சா இது? தடை உத்தரவில் யாரும் தொடக்கூடாது என்று இருந்தது. யாரும் தொடவில்லை. அது தானாகத்தானே விழுந்தது? நான் தள்ளினேனா?

பஞ்சாயத்து இஞ்சினியர் வந்து பூட்டச் சொன்னார். ரோட்டோரம் ஹால் வந்தது. அங்கே உத்தரமே கிடையாது, சார். கான்கிரீட் தட்டு. யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். சத்தியநேசன் மகள் முன் வரிசையில் நின்று பாடுகிறாள். ஒரு கணக்கு இல்லை, ஒரு முறை இல்லை. நான் இரண்டு ஞாயிறு போனேன். எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுவிட்டு வந்தேன்.

இனி மாசி மாதத்துக்கு வருகிறேன். சாறாம்மாவுக்கு இளைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பத்தாம் நாள் கொண்டுவந்துவிட்டோம், பெட்டியில்.

அடக்கத்தன்று காலையில் அச்சன் வீட்டுக்கு வந்தார். "அச்சாயா, பழைய பள்ளியில மேற்கு ரெண்டு கட்டும் ஸ்ட்ராங்கா இருக்குன்னு இஞ்சினியர் எழுதித் தந்திருக்கார். சத்தியநேசன் நாலு ஜாக்கி முட்டுக் குடுத்துருக்கான். இடிஞ்ச கிழக்குப் பக்கமா உள்ள போயி பெருக்கிக் கழுவிவிட்டிருக்காங்க. பத்து நிமிஷம் அங்க வச்சு ஜெபிச்சிட்டு எடுத்துரலாம்" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். பள்ளி திறக்கிறது என்றால் எங்கள் இடமும் திறக்கும் என்று நினைத்தேன். சாவியை நானே கொண்டுவந்து இந்தக் கதவைத் திறந்தேன்.

உள்ளே பார்த்தால், கிழக்கே நீலத் தார்ப்பாய் கட்டி மறைத்திருக்கிறது. அதற்குப் பின்னால் எங்கள் உத்தரம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இந்தப் பக்கம், பன்னிரண்டாவதற்கு நேர் கீழே, ஒரு மேசை. வெள்ளைத்துணி விரித்து, நாலு மெழுகுதிரி. றோசம்மா துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"பெட்டிய எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"இங்கதான்" என்றார் அச்சன்.

"இது யார் உத்தரம்?"

"பள்ளி உத்தரம்."

"யார் உத்தரம்னு கேட்டேன்."

அதற்குள் ஊர்வலம் வாசலுக்கு வந்துவிட்டது. இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் பெட்டி. ஆறு பேர் தோளில். முன்னால் வலது பக்கம் ரெஜி. பதினொரு மணி வெயில். நான் வாசலில் குறுக்கே நின்றேன். "என் பெண்டாட்டி கிழக்கேவிளைக்காரி. வச்சா கிழக்கேவிளை உத்தரத்துக்குக் கீழ வைக்கணும். அறுப்புக்காரன் உத்தரத்துக்குக் கீழ வரமாட்டா" என்றேன்.

சத்தியநேசன் கிட்டே வந்தான். மெதுவாகத்தான் சொன்னான். "எங்க உத்தரம்னு நெனச்சு வைக்காண்டாம், அச்சாயா. ஒரு கூரைன்னு நெனச்சு வைங்க. அம்மா மூணு வருஷம் இங்கதானே உக்காந்தாவ."

"அதுதான் அவளக் கொன்னது" என்றேன். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. வந்த வார்த்தையை நான் திரும்ப எடுக்கிற ஆள் இல்லை.

நாலாவது வீட்டு அன்னம்மா, எண்பது வயசுக் கிழவி, பின்னாலிருந்து கத்தினாள்: "வேய் கோசி, ஒமக்கு உத்தரமா பொண்டாட்டியா? வழிய விடும் ஓய், புள்ளைகளுக்குத் தோள் நோவுது!"

நான் நகரவில்லை. பெட்டி தோளில் இருக்கும்போது எத்தனை நேரம் நிற்க முடியும்? ஒருத்தன் தோள் மாற்றினான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, உள்ளே அவள் நகருகிற சத்தம் கேட்டது. ரெஜி என்னைப் பார்த்தான். பெட்டிக்கடியிலிருந்து, கழுத்தைச் சாய்த்து, அப்படியே பார்த்தான். "அப்பா, தள்ளுங்க" என்றான். தள்ளவில்லை. "அச்சோ, ஹாலுக்குப் போவோம்" என்றான். திரும்பினார்கள். அவன் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு அதுதான், 'தள்ளுங்க' என்பது. இப்போது திருவனந்தபுரத்தில் இருக்கிறான். போனை எடுப்பதில்லை. மருமகள் எடுக்கிறாள், "வேலையில இருக்காங்க, மாமா" என்கிறாள்.

றோசம்மா அந்த நாலு திரியையும் அணைத்துக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்வலத்துக்குப் பின்னால் ஓடினாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு கடைசியில் போனேன்.

என்ன கேட்டீர்கள்? சாறாம்மா ஏதாவது சொல்லியிருந்தாளா என்றா?

சொன்னாள். ஆஸ்பத்திரியில், ஏழாம் நாள். மூக்கில் குழாய் இருந்தது, அதை விலக்கிவிட்டுச் சொன்னாள். "என்னைய அந்த ஹாலுல வைக்காதீங்க. பள்ளிக்குள்ள வச்சாப் போதும்" என்றாள். "வைக்கிறேன்" என்று கையில் அடித்துக் கொடுத்தேன். எந்த உத்தரம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் என்ன? கிழக்கேவிளைக்காரி பள்ளிக்குள்ளே என்று சொன்னால் வேறு எது?

அந்த ஒன்றுதான் அவள் என்னிடம் கேட்டது, சார். நாற்பத்தாறு வருஷத்தில் அந்த ஒன்றுதான். ஒரு சாகிறவளின் ஆசை. அதைக்கூட நடக்கவிடாமல் செய்துவிட்டார்களே, இவர்களெல்லாம் நன்றாக இருப்பார்களா?